மலைத்தோட்டப் பள்ளியின் கூரை: கேமரன் மலையும் தமிழ்ப்பள்ளிக் கட்டட மானியத்தின் வரலாறும்

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றைப் பேசுவோர் பாடத்திட்டத்தைப் பேசுவர், பாடநூலைப் பேசுவர், ஆசிரியர் பயிற்சியையும் தேர்வு முடிவுகளையும் பேசுவர். பள்ளி நடந்த கட்டடத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. சுவரும் கூரையும் வடிகாலும் கழிப்பறையும் வரலாற்றுக்குரிய பொருள்கள் அல்ல என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. ஆயினும் ஒரு பள்ளியின் கூரையைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது என்று கேட்கத் தொடங்கினால், குடியேற்றக் காலச் சட்டம் முதல் இன்றைய வரவு செலவுத் திட்டம் வரை அனைத்தும் அவ்வொரு கேள்விக்குள் வந்து சேர்வதைக் காண்கிறோம். இவ்வுரையில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்னிறுத்தி அக்கேள்வியை ஆராய்வோம்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்குப் பெருந்தோட்டம் எதுவும் எழவில்லை. 1929இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் என்பாரின் துணையோடு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தார் பாரத் தேயிலை நிறுவனத்தை நிறுவினர். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை அக்காலத்தை ஒட்டியே அமைந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை வெட்டி, சரிவுகளைத் திருத்தி, கன்று நட்டனர். ‘போ’ என்னும் பெயர் சீனத்துத் தேயிலை மலையொன்றின் பெயரை ஒட்டியது என்பர். தமிழ்ச் செவிக்கு அது வேறு பொருள் தரும்; ஆயினும் அங்குச் சென்றவர் பலர் திரும்பிப் போகவில்லை. லயங்களில் குடியமர்ந்தனர், மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தனர்.

பிள்ளைகள் இருந்தால் பள்ளி இருக்க வேண்டும் என்பது அப்போதே சட்டமாக இருந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் அதனை மேலும் வலுவாக்கிய 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றன. இதனை நல்லெண்ணத்தின் விளைவு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. குடும்பத்தோடு வரும் தொழிலாளி நிலையாகத் தங்குவார். இந்திய அரசின் கண்காணிப்பும் அப்போது இருந்தது. எவ்வாறாயினும் சட்டம் ‘பள்ளி’ என்றதேயன்றி, நல்ல கட்டடம் எழுவதை உறுதி செய்யவில்லை. ஆகவே பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையே வகுப்பறையாயிற்று. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் எழுத்தறிவித்தார். அரசு அளித்த உதவித்தொகை பிள்ளைகளின் தலைக்கணக்கைப் பொறுத்தது. தோட்ட நிருவாகத்தின் கணக்கில் பள்ளி என்பது லயத்துக்கும் மருந்தகத்துக்கும் அருகே எழுதப்பட்ட ஒரு செலவு வரி. விளைபொருளின் விலை சரியும்போது முதலில் குறையும் வரிகளுள் அதுவும் ஒன்று.

போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1951இல் வெளியான பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக ஒரே வகைத் தேசியப் பள்ளியை முன்மொழிந்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப்பள்ளிக்கு நாட்டின் கல்வி அமைப்பினுள் இடம் தந்தது. 1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் கல்விச் சட்டம் வந்தது. 1962 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் நீங்கியது. ஆசிரியர் ஊதியம் அரசுடையதாயிற்று; பாடத்திட்டமும் தேர்வும் அரசுடையனவாயின. இவை பெரும்பேறுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளி நின்ற நிலம் மட்டும் தோட்டத்தினுடையதாகவே இருந்துவிட்டது.

இங்கேதான் நம் பொருளின் முடிச்சு இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளை ‘முழு உதவி பெறுபவை’, ‘பகுதி உதவி பெறுபவை’ என்று இரு வகையாகப் பிரிப்பது நம் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. இப்பிரிவு பெரும்பாலும் நிலத்தைப் பொறுத்தது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அரசு நிலத்தில் நிற்கும் பள்ளிக்குக் கட்டடமும் பராமரிப்பும் அரசின் கடமை. தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளிக்கு ஆசிரியர் ஊதியமும் நடைமுறைச் செலவுக்கான தொகையும் வரும். கட்டடத்துக்கு அவ்வப்போது கிடைக்கும் சிறப்பு ஒதுக்கீட்டையோ நன்கொடையையோ நாட வேண்டும். நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெடுங்காலம் இந்த இரண்டாம் வகையிலேயே இருந்து வந்தன.

அப்படியானால் நிலத்தைப் பெற்றுக்கொள்வதுதானே என்று கேட்கலாம். கேட்பது எளிது. மலேசியக் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை கல்வியை நடுவண் அரசுக்கும் நிலத்தை மாநில அரசுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே மலைத்தோட்டப் பள்ளியொன்று புதுக் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் பணம் புத்ராஜெயாவிலிருந்து வர வேண்டும். நிலத்துக்கான ஒப்புதல் குவாந்தானிலிருந்து வர வேண்டும். தோட்ட நிருவாகம் அந்நிலத்துண்டை விட்டுக்கொடுக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பயனற்றவை. கேமரன் மலைக்கு இன்னும் ஒரு விந்தையுண்டு. பகாங் மாநிலத்தைச் சேர்ந்த மாவட்டமாயினும் அதன் பழைய வாயில் பேராக்கின் தாப்பாவே. மாநிலத் தலைநகருக்குச் செல்ல விரும்புபவர் மலையிறங்கித் தீபகற்பத்தின் மறுகரைவரை செல்ல வேண்டும்.

மலையின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை. நாள்தோறும் இறங்கும் மூடுபனி. தகரம் துருப்பிடிக்கிறது, மரச்சட்டம் உளுக்கிறது, சுவரில் பாசி படர்கிறது. சமநிலம் அரிதாகையால் ஒரு வகுப்பறை கூட்ட நினைத்தாலும் சரிவை வெட்டித் தாங்குசுவர் எழுப்ப வேண்டும். ஒரு பள்ளிக்கு இவ்வளவு என்று நாடெங்கும் சமமாகப் பிரிக்கும் தொகை சமவெளியில் ஒரு புதிய அறையாகலாம். மலையில் அது மண்ணைத் தாங்கும் சுவரோடு முடிந்துவிடவும் கூடும்.

அரசு வராத இடத்தில் மக்கள் கைகொடுத்தனர். மலாயாத் தமிழரிடையே பணம் திரட்டும் பழக்கம் புதிதன்று. கோ. சாரங்கபாணி 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்காகத் திரட்டினார். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வீடிழந்தபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி என்று சேர்த்துத் தோட்டங்களையே வாங்கச் செய்தார். தமிழகத்தில் 1958 முதல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், ஊரார் தந்த பொருளாலும் உழைப்பாலும் கட்டடங்களைச் செப்பமாக்கின. நம் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மேலாளர் வாரியங்களும் விருந்து, கலைநிகழ்ச்சி, நன்கொடைச் சீட்டு என்று செய்து வந்தவை இதே மரபினவே. இருப்பினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. தமிழகத்து மாநாடுகளை நடத்தியது அரசு. மக்கள் அதற்குத் துணை நின்றனர். இங்கோ பல பள்ளிகளில் மக்களே முதல், அரசு துணை. நாட்கூலி வாங்கும் கொழுந்து பறிப்பவரிடம் கூரைக்கு நன்கொடை கேட்பதை ஈகை என்று போற்றும்போது, அவர் வரி செலுத்தும் குடிமகனும் ஆவார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

2007 நவம்பர் பேரணிக்கும் 2008 மார்ச் பொதுத்தேர்தலுக்கும் பிறகு தமிழ்ப்பள்ளிகளின் கட்டட நிலை அரசியல் மேடைக்கு வந்தது. 2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிகளைக் கட்டவும் மேம்படுத்தவும் பராமரிக்கவும் ஒதுக்கிய நூறு கோடி வெள்ளியில், தமிழ்ப்பள்ளிகளுக்கென 10 கோடி வெள்ளி தனியே குறிக்கப்பட்டது. அப்போதிருந்த 523 பள்ளிகளுக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தால் பள்ளிக்கு ஏறத்தாழ 191,000 வெள்ளி. இதனைச் சிறிதென்று தள்ளுவதற்கில்லை; பல பள்ளிகளின் தோற்றமே இத்தகைய ஒதுக்கீடுகளால் மாறியது. ஆனால் சிறப்பு ஒதுக்கீடு என்பது ஓராண்டின் முடிவு. மாதிரிக் காசோலையை மேடையில் ஏந்திப் படமெடுத்துக்கொள்ளலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்ணம் பூசுவதற்கும் ஆண்டுதோறும் வடிகால் துப்புரவு செய்வதற்கும் அப்படியொரு மேடை கிடையாது. பழுதடையும் வேகம் நிலையானது, பணம் வரும் வேகம் நிலையற்றது என்னும் இந்த இடைவெளியைத்தான் நாம் சிக்கலின் உயிர்நிலை எனக் கருதுகிறோம்.

இதனோடு எண்ணிக்கையும் சேர்ந்துகொள்கிறது. விடுதலையின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீட்டுமனைகளாகியும் போனதால் பள்ளிகள் மூடப்பட்டன. சில நகருக்கு இடம்பெயர்ந்தும் பெயரில் ‘லாடாங்’ என்னும் சொல்லைச் சுமந்து நிற்கின்றன. போ, பாரத் ஆகிய தேயிலைத் தோட்டங்கள் நிறுவியவர் குடும்பங்களின் கையிலேயே இருந்து வந்தமையால் மலையில் அத்தகைய சிதறல் நிகழவில்லை. ஆயினும் இளையோர் இறங்கிச் சென்றனர். கொழுந்து பறிக்க வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் கல்வியமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. நடைமுறைச் செலவுக்கான தொகை இன்றும் தலைக்கணக்கில் வருகிறது. மாணவர் தொகை பாதியானால் மானியமும் சுருங்குகிறது. கூரையின் பரப்போ சுருங்குவதில்லை. 1920களின் கணக்கு முறை இங்கே வேறு பெயரில் வாழ்கிறது.

மில்ன் புறப்பட்டு வந்த இலங்கை மலையகத்தில் இதே சிக்கல் வேறு வழியில் சென்றது. அங்கே 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசிடம் வந்தன. 1980களில் சுவீடனின் சீடா நிறுவனம் அவற்றின் மேம்பாட்டுக்குப் பொருளுதவி செய்தது. குறைகள் அங்கும் தீர்ந்தபாடில்லை. எனினும் பள்ளி யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அமெரிக்க நாட்டுப்புறங்களிலோ பள்ளி மாவட்டமே வாக்கெடுப்பு நடத்திக் கடன்பத்திரம் வெளியிட்டுச் சொத்து வரியால் அடைக்கிறது. வளமற்ற ஊரின் பள்ளி அங்கும் பின்தங்குகிறது. சபா, சரவாக் உட்புறங்களின் பாழடைந்த பள்ளிகளைக் காணும்போது, நம் நாட்டிலும் இது தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உரிய துயரன்று என்பது விளங்கும்.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் பெரும்பாலும் ஆவணக்காப்பகங்களில் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பேடுகளிலும் தலைமையாசிரியர் நாட்குறிப்புகளிலும் நன்கொடைப் பற்றுச்சீட்டுகளின் அடிக்கட்டைகளிலும் அவை கிடக்கின்றன. மலையின் ஈரம் கூரையை அரிப்பதுபோல் அந்தத் தாள்களையும் அரித்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு அவற்றைப் படியெடுக்கச் செய்யலாம். வரலாற்றுப் பாடத்தின் செய்முறைப் பணியாகவே அதனை அமைக்கலாம். எந்த ஆண்டில் எவ்வளவு பணம், யார் தந்தது, எதற்குச் செலவாயிற்று என்பவற்றோடு, பள்ளி நிற்கும் மனையின் எண்ணையும் அது யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதையும் அப்படியெடுப்பில் முதல் வரியாக எழுதிவைக்க வேண்டுகிறோம்.