சுண்டு விரலும் சூடு தெரியாத தாத்தாவும்

நாலு மாசமா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு விசாரிச்ச நாலு பேருக்கும் நன்றி. (உண்மையில ரெண்டு பேர்தான். அதுல ஒருத்தன் என் தம்பி.) ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா நிஜக் காரணம் என்னோட இடது கை சுண்டு விரல்.

வாரத்துல அஞ்சு நாள் எலக்ட்ரானிக் சிட்டிக்காகப் பொட்டி தட்டுறது, சனி ஞாயிறு பாறை ஏறுறது. இதுதான் நம்ம வாழ்க்கை. வேப்பனப்பள்ளியில பொறந்தவனுக்குப் பாறைக்கா பஞ்சம்? கிருஷ்ணகிரி பக்கம் எங்க திரும்பினாலும் குன்றுதான். அது போதாதுன்னா எல்லை தாண்டி ராம்நகரம் (1975ல வந்த 'ஷோலே' படத்தை எடுத்த அதே பாறைகள்). ஒரு நாள் காலையில எழுந்தா சுண்டு விரலும், மோதிர விரல்ல பாதியும் மரத்துப் போய்க் கிடக்கு. கையை உதறினேன், சரியாச்சு. அடுத்த வாரம் உதறியும் சரியாகலை. ஷிஃப்ட் பட்டனை அமுக்கினா அமுக்கின மாதிரியே தெரியலை. பாறையில பிடிச்ச பிடி வழுக்கினப்பதான் நிஜமாவே பயம் வந்தது.

கிருஷ்ணகிரியில ஒரு டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு கையிலயும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு பேப்பரைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கை நேரா பிடிச்சுது. இடது கைக் கட்டை விரல் நுனி மட்டும் மடங்கி, அழுத்திப் பிடிக்கப் பார்த்துது. அவர் சிரிச்சுக்கிட்டே, "இது ஃப்ரோமோன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1915ல சொன்ன சோதனை தம்பி. அவர் நியூஸ் பேப்பரை வச்சுப் பார்த்தார், நான் மருந்துச் சீட்டை வச்சுப் பார்க்கிறேன்" என்றார்.

அப்புறம் என் முழங்கைக்குப் பின்னாடி விரலை வச்சு ஒரு நரம்பை உருட்டிப் பார்த்தார். சட்டையைக் கழட்டச் சொன்னார். முதுகு, கை, தொடை எல்லாம் பார்த்துட்டு, "உடம்புல எங்கயாவது தேமல் மாதிரி, தொட்டா உணர்ச்சி தெரியாம இருக்கா?"ன்னு கேட்டார்.

எனக்குப் பொசுக்குன்னு கோபம் வந்தது. எதுக்குக் கேக்கிறார்னு புரிஞ்சுடுச்சு. தொழுநோய். எஞ்சினியரிங் படிச்சவன், கம்பெனி பேட்ஜ் மாட்டினவன், என்னைப் பார்த்தா இப்படிக் கேக்கிறது? அவர் அமைதியா, "முழங்கை நரம்பு கெட்டுப்போய் வர்ற எல்லார்கிட்டயும் கேட்பேன். நம்ம நாட்டுல கேட்டே ஆகணும்" என்றார். எனக்கு அது இல்லை. மடக்கி மடக்கி நசுங்கின நரம்பு, அவ்வளவுதான். ஆனா அந்தக் கேள்வி மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது. உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். இந்தப் பதிவு அதோட விளைவு.

* * *

முதல்ல நரம்புக் கதை. முழங்கை மேசையில இடிச்சா கரண்ட் அடிச்ச மாதிரி சுண்டு விரல் வரைக்கும் ஒண்ணு ஓடுமே, அதுதான் அல்நார் நரம்பு. உடம்போட பெரிய நரம்புகள் எல்லாம் சதைக்குள்ள பத்திரமா போகும்போது, இது மட்டும் முழங்கையோட உள்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னாடி, தோலுக்கு அடியிலயே, ஒரு குறுகலான சந்து வழியா போகுது. கையை மடக்கினா நரம்பு இழுபடும். சந்தும் இறுகும். போனைக் காதுல வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுறது, கையை மடக்கித் தலைக்கு அடியில வச்சுத் தூங்குறது, மேசை விளிம்புல முட்டியை ஊன்றி டைப் அடிக்கிறது, பாறையில மடக்கின கையில தொங்குறது. நான் இந்த நாலையும் செஞ்சுட்டு இருந்தேன்!

1878லயே பிரான்ஸ்ல பானாஸ் என்கிற டாக்டர் இதைப் பற்றி எழுதியிருக்கார். 1898ல அமெரிக்காவுல கர்ட்டிஸ் என்பவர் அந்த நரம்பை முண்டுக்குப் பின்னாடியிருந்து எடுத்து முன்பக்கமா மாத்தி வச்சு ஆபரேஷன் பண்ணினார். 1957ல இங்கிலாந்துல ஆஸ்போர்ன், சந்துக்கு மேல கூரை மாதிரி இருக்கிற பட்டையை மட்டும் வெட்டி விட்டாலே போதும்னு சொன்னார். இன்னிக்கும் அந்தப் பட்டைக்கு அவர் பேர்தான். 1958ல கனடாவுல ஃபைண்டல், ஸ்ட்ராட்ஃபோர்ட் ரெண்டு பேரும் இந்த நோய்க்கு 'க்யூபிடல் டனல் சிண்ட்ரோம்'னு பேர் வச்சாங்க.

நிற்க. இதெல்லாம் அங்க நடந்துட்டு இருந்தப்ப, அதே நரம்பைப் பற்றி நம்ம செங்கல்பட்டுலயும் வேலூர்லயும் வேற ஒரு கதை ஓடிட்டு இருந்துது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வளைக்கிறேன்.

* * *

பால் பிராண்ட். 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவர். அப்பா அம்மா மிஷனரிகள். சின்ன வயசுல மலையில மரம் ஏறித் திரிஞ்ச பையன். படிக்க லண்டன் போனார். டாக்டராகுறதுக்கு முன்னாடி சில வருஷம் தச்சு வேலை, கொத்து வேலை எல்லாம் முறையா கத்துக்கிட்டவர். 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு எலும்பு அறுவை டாக்டரா வந்து சேர்ந்தார்.

1947ல டாக்டர் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனார். காக்ரேன் தோல் நோய் நிபுணர். பிராண்டுக்கு அங்க தோல் கண்ணுல படலை, கைதான் பட்டுது. விரலெல்லாம் கொக்கி மாதிரி மடங்கின கைகள். ஒருத்தரைக் கூப்பிட்டு, என் கையை அழுத்துங்கன்னார். அந்த ஆள் அழுத்தினதுல பிராண்டுக்குக் கை வலிச்சுப் போச்சு. செத்துப்போன கைன்னு எல்லாரும் ஒதுக்கி வச்ச கையில இவ்வளவு பலமா?

அந்த இடத்துல ஒரு எஞ்சினியர் மாதிரி யோசிச்சார் மனுஷன். எல்லாம் கெட்டுப்போகலை. சில தசைகள் கெட்டிருக்கு, சில நல்லா இருக்கு. எது எதுன்னு நூற்றுக்கணக்கான கைகளைச் சோதிச்சுப் பட்டியல் போட்டார். (நாம பக் எங்கன்னு தேடுவோமே, அதே கதை.) ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. கெட்ட நரம்புகள்ல முதல் ஆள் அல்நார் நரம்பு. அதுவும் முழங்கைக்குக் கொஞ்சம் மேல, வீங்கிப் போய். உடம்புக்குள்ள ஆழமா போற நரம்புகள் தப்பிச்சுடுது. தோலுக்குப் பக்கத்துல, சூடு குறைவா இருக்கிற இடத்துல ஓடுற நரம்புகள்தான் மாட்டிக்குது. அந்தக் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். அங்க வீங்கின நரம்பு இறுகி, நசுங்கி, செத்துப் போகுது.

இதைப் படிச்சப்ப கையிலிருந்த டீ ஆறிப் போச்சு. என் டாக்டர் விரல் வச்சு உருட்டிப் பார்த்த இடம், அதே இடம். காரணம் வேற, சந்து ஒண்ணுதான்.

முன்கையில இருக்கிற பெரிய தசைகள் நல்லா இருந்ததால, அதுல ஒண்ணோட தசைநாணை வழி மாத்தி விரலுக்குக் கொண்டுபோய்த் தைக்க முடியும்னு 1948ல வேலூர்ல செய்ய ஆரம்பிச்சார். மடங்கின விரல்கள் நிமிர்ந்துது. ஆனா வெளிய போனா யாரும் வேலை தரலை. நிமிர்ந்த கைக்குப் பிச்சையும் சரியா விழலைன்னு ஒருத்தர் திரும்பி வந்து சொன்னாராம். இதனால 1951ல 'நவ ஜீவ நிலையம்'னு ஒண்ணு ஆரம்பிச்சு, மரப் பொம்மை செய்யக் கத்துக் கொடுத்தாங்க. பிராண்ட் கத்துக்கிட்ட தச்சு வேலை அங்கதான் கைகொடுத்துது. 1954ல விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் ரெண்டும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே இந்தக் கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினார்.

பிராண்ட் கண்டுபிடிச்சதுல இன்னொரு விஷயம் உண்டு. தொழுநோய்ல விரல் தானா அழுகி விழுறதில்லை. உணர்ச்சி இல்லாத விரலை நெருப்பு சுடுது, ஆணி கிழிக்குது, ராத்திரி எலி கடிக்குது. வலிக்காததால அவங்களுக்குத் தெரியறதில்லை.

பிராண்டுக்கே ஒரு ராத்திரி நடந்தது. லண்டன்ல ரயில் பயணம் முடிஞ்சு அறைக்கு வந்து சாக்ஸைக் கழட்டினா குதிகால்ல உணர்ச்சியே இல்லை. ஊசியால குத்தினார். தெரியலை. தனக்கும் வந்துடுச்சுன்னு ராத்திரி முழுக்கத் தூங்கலை. காலையில மறுபடி குத்தினார். வலி உயிர் போச்சு. சந்தோஷத்துல கத்தினாராம். ரயில்ல உட்கார்ந்த விதத்துல ஒரு நரம்பு நசுங்கியிருக்கு, வேற ஒண்ணுமில்லை. பின்னாளில் வலியை ஒரு பரிசுன்னு சொல்லிப் புத்தகமே எழுதினவர் அவர். 2003ல காலமானார்.

* * *

இப்போ கொஞ்சம் கொசுவத்தி.

சின்ன வயசுல எங்க ஊர்ல ஒரு மாந்தோப்புக்குக் காவலா ஒரு தாத்தா இருந்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கைக்குள்ள மடங்கியே இருக்கும். வீட்டுக்கு வந்தா வாசலோட சரி, திண்ணை ஏற மாட்டார். டீ கொட்டாங்குச்சியில. அடுப்புல இருந்து கொதிக்கிற சட்டியை வெறும் கையால இறக்குவார். எங்களுக்கு அவர் ஹீரோ. 'சூடு தெரியாத தாத்தா'ன்னுதான் பேரே. ஒரு தடவை நாங்க பசங்க நாலு பேர் நெருப்புல சுட்ட சோளக்கதிரை அப்படியே எடுத்து அவர் கையில கொடுத்தோம், கீழ போடுறாரான்னு பார்க்க. போடலை. சிரிச்சுக்கிட்டே வச்சிருந்தார். நாங்க கை தட்டினோம். மறுநாள் கையில துணி சுத்தியிருந்துது.

போன மாசம் அப்பாகிட்ட கேட்டேன். "அவர் செத்து வருஷம் ஆச்சுடா. கடைசி வரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் காட்டலை. ஊருக்குத் தெரிஞ்சுடும்னு பயம்" என்றார். ஊருக்குத்தான் எல்லாம் தெரியுமே அப்பா, அவருக்கு மட்டும்தானே சூடு தெரியலைன்னேன். அப்பா பதில் சொல்லலை.

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டப்ப எனக்கு வந்த கோபம் எங்கேயிருந்து வந்ததுன்னு இப்போ தெரியுது. அந்தத் தாத்தா கூட என்னை ஒரே வரிசையில நிக்க வச்சுட்டாரேங்கிற கோபம். அது எனக்குள்ள இவ்வளவு நாளா இருந்திருக்கு.

* * *

என் முழங்கை எப்படி இருக்குன்னா, தேவலை. ஆபரேஷன் தேவைப்படலை. ராத்திரி முழங்கையைச் சுத்தி ஒரு துண்டைக் கட்டிக்கிட்டுத் தூங்குறேன், மடங்காம இருக்க. (அம்மா பார்த்துட்டு, மாட்டுக்கு லாடம் கட்டின மாதிரி இருக்குங்கறாங்க.) போனுக்கு ஹெட்செட். நாற்காலியை உயர்த்தி, முட்டியை மேசையில ஊன்றாம டைப் அடிக்கிறேன். மூணு மாசம் பாறைப் பக்கமே போகலை. இப்போ கையில தொங்காம, காலை நம்பி ஏறுற சரிவுப் பாறைகள் மட்டும். அடிபட்ட நரம்பு வளர்றதா இருந்தா ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தானாம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க, பொறுமை தன்னால வரும். சுண்டு விரல் நுனியில இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கு.

டிஸ்கி: விரல் மரத்தா ரெண்டு வாரம் உதறிட்டு இருக்காதீங்க, காட்டுங்க. தசை மெலிய ஆரம்பிச்சுட்டா திரும்பறது கஷ்டம். உடம்புல உணர்ச்சியில்லாத தேமல் இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மருந்து இலவசம். 6 மாசமோ 12 மாசமோ சாப்பிட்டா குணமாயிடும். உங்க ஊர்லயும் ஒரு சூடு தெரியாத தாத்தா இருந்தா, அவரைத் திண்ணையில உட்கார வச்சு ஒரு டீ கொடுத்துட்டு இதைச் சொல்லுங்க. டம்ளர்ல கொடுங்க. கொஞ்சம் ஆற வச்சுக் கொடுங்க.