ஒரே வீட்டுப் பிள்ளைகள்

கடலூரில் வேலை பார்த்தபோது, அப்பா சொல்லச் சொல்ல, குடும்பக் கதையை ஓப்பன் ஆபீஸில் தட்டி வைத்திருந்தேன். ஓய்வுபெற்றுச் சிதம்பரம் வந்ததும் தம்பி மகன் அதை எடுத்துவிட்டு லிப்ரே ஆபீஸ் போட்டான். கதை திறக்குமா என்று எனக்குப் பதைப்பு. “ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க பெரியப்பா” என்றான்.

பாகப்பிரிவினை நடந்தது இப்படி. 2000-இல் சன் நிறுவனம், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இதன் நிரலைப் பொதுவில் வைத்தது. எழுதித் தருபவர்கள் உரிமையில் சன்னுக்கும் பங்கு தரவேண்டும் என்பதில் மனத்தாங்கல் இருந்தது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கியதும், புது முதலாளி கைவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் சேர்ந்தது. செப்டம்பர் 28 அன்று நிரலாளர்கள் புதுப்பெயரோடு தனிக்குடித்தனம் அறிவித்தார்கள். உரிமமே இடம் கொடுத்ததால் வழக்கு, வாய்தா இல்லை. நம் பக்கம் காணாத அதிசயம். பழைய பெயர் ஆரக்கிளிடமே நின்றது.

அப்பாவின் கதை திறந்தது. எழுத்துருதான் மாறியிருந்தது.