வறண்ட ஆற்றில் ஒரு திருவிழா



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பில் இந்திய நிலவியல் நடத்திக்கொண்டிருந்தேன். மழை அளவு அட்டவணை ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். சென்னையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். தார்ப் பாலையின் மேற்கே உள்ள ஜெய்சல்மேரில் 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. பாடநூலின் அடுத்த பக்கத்திலோ, இராஜஸ்தானத்து மக்கள் வண்ண உடையணிந்து ஆடும் படம் ஒன்று இருந்தது. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மழையே பெய்யாத ஊரில் எதற்காக இத்தனை விழா?" என்று கேட்டான். "துன்பத்தை மறப்பதற்காக" என்று கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டேன். அவனும் அமர்ந்துவிட்டான். ஆனால் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அன்று அவனுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

முதலில் அந்நிலத்தின் காலக் கணக்கைப் பார்ப்போம். தார்ப் பாலையில் பெய்யும் சிறிது மழையும் ஜூலை முதல் செப்டம்பர் வரையில் பெய்துவிடும். அதைக்கொண்டு விளைவது கம்பு. மழைக்காலத்தின் இறுதியில் கம்பு அறுவடையாகும். அதன்பின் வானத்தை நம்பி வேறு விளைச்சலை எதிர்பார்ப்பதற்கில்லை. பனிக்காலம் கழிந்து பங்குனி பிறக்கும்போது, களஞ்சியத்தில் தானியம் எவ்வளவு, போரில் தீவனம் எவ்வளவு என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்துவிடும். அடுத்த மழைக்கு இன்னும் மூன்று நான்கு மாதங்கள் இருக்கின்றன. இடையில் கொடுங்கோடையும் புழுதிக் காற்றும் வர வேண்டும். நாம் இளவேனில் என்று மகிழும் பருவம், அவர்களுக்குக் கையிருப்பை எண்ணிப் பார்க்கும் பருவமுமாகும்.

அப்பருவத்துக்கு அழகும் உண்டு. ரோகிடா மரங்கள் செம்மஞ்சள் நிறத்தில் பூத்து நிற்கும். கேஜ்ரி மரம் பூக்கத் தொடங்கும். கேஜ்ரி என்பது வேறொன்றுமன்று. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியே அது. அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உணவு. அதன் காய் மனிதருக்குக் கறி. பகல் வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. இரவில் வெட்டவெளியில் அமரலாம். மக்கள் கூடுவதற்கு இதைவிட ஏற்ற காலம் அங்கே இல்லை.

இந்த ஒரு மாத காலத்தில் விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும் முறை கருதத்தக்கது. பால்குன மாத முழுநிலா நாளில் ஹோலி. அதையொட்டி ஆடவர் ஆடும் 'கேர்' என்னும் ஆட்டம். நடுவில் பெருமுரசு முழங்க, கையில் கோல் ஏந்தி, வட்டமாகச் சுழன்று கோலோடு கோல் தட்டி ஆடுவர். நம் கோலாட்டத்துக்கு உறவினன் என்னலாம். முழுநிலாவுக்குப் பின் ஏழாம், எட்டாம் நாள்களில் சீதளா தேவி வழிபாடு. சீதளா அம்மை நோயின் தெய்வம். அந்நாளில் அடுப்பு மூட்டாமல், முதல்நாள் சமைத்த உணவையே குளிர்ந்த நிலையில் படைத்து உண்பர். நம் மாரியம்மனை அறிந்தவர்க்கு இவ்வழிபாட்டின் உள்ளம் எளிதில் விளங்கும். பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு நம் நாட்டைவிட்டு நீங்கிவிட்டது. தேவிக்குரிய நாள் நீங்கவில்லை. பாலோத்ரா நகருக்கு அண்மையிலுள்ள கனானா என்னும் ஊரில் அந்நாளில் கேர் ஆட்டக் குழுவினர் பெருந்திரளாகக் கூடுவர்.

அமாவாசை கழிந்து வளர்பிறை தொடங்கும் நாளே விக்கிரம ஆண்டின் பிறப்பு. அதிலிருந்து மூன்றாம் நாள் கணகௌர். ஹோலிக்கு மறுநாள் தொடங்கிய மகளிர் நோன்பு அன்று நிறைவுறும். கன்னியர் நல்ல கணவனையும், மணமானோர் கணவனின் நலத்தையும் வேண்டி, கௌரியையும் 'ஈசர்' எனப்படும் சிவபெருமானையும் வழிபடுவர். தலையில் குடம் சுமந்து, புல்லும் பூவும் இட்டு, பாடிக்கொண்டே நீர்நிலைக்குச் செல்வர். நீர் அரிதாகிய நாட்டில் ஊர்வலம் நீர்நிலையில் சென்று முடிவதைக் கவனியுங்கள். ஜெய்சல்மேரில் அவ்வூர்வலம் கடீசர் ஏரிக்குச் செல்லும். அங்கே கௌரி மட்டுமே தனியாக எழுந்தருள்வாள். ஈசர் உடன் வருவதில்லை. முன்னொரு காலத்தில் பிகானேர்ப் படையினர் ஈசர் திருவுருவத்தைக் கவர்ந்து சென்றுவிட்டனர் என்று அவ்வூர் மரபு காரணம் கூறுகிறது. அரசர்களின் பகை மறைந்தது; அரசுகளும் மறைந்தன. ஆயினும் ஊர்வலத்தில் ஓரிடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. வரலாற்றைக் கல்வெட்டில் மட்டும் தேடாதீர்கள் என்று நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. இது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இவ்விழாக்களின் நடுநாயகமாக விளங்குவது தில்வாடா என்னும் ஊரில் கூடும் மல்லிநாதர் திருவிழா. பாலோத்ராவுக்கு அருகே, லூனி ஆற்றின் படுகையில் இது நிகழ்கிறது. சைத்திரத் தேய்பிறை ஏகாதசியில் தொடங்கி வளர்பிறை ஏகாதசி வரையில் பதினைந்து நாள்கள் நீடிக்கும். லூனி கடலை அடையாத ஆறு. கட்ச் வளைகுடாப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் சென்று மறைவது. ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல். அந்த மணலில்தான் ஊரொன்று எழும். மாடு, குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் கூட்டம் ஒருபுறம், கடைத்தெரு ஒருபுறம், இரவில் பாடல் கேட்போர் கூட்டம் ஒருபுறம். மணலைச் சற்றே தோண்டினால் ஊற்று நீர் கிடைக்கும். இத்தனை உயிர்களும் அருந்துவது அந்நீரையே.

நம் ஊர்ப் பக்கத்து மாட்டுத்தாவணியைக் கண்டவர்கள் இதன் பயனை உணர்வார்கள். தீவனம் போதாது என்று கண்டவன், கோடை வருமுன் மாட்டை விற்றாக வேண்டும். மழைக்கு முன் உழவுக்கு எருது தேடுபவன் இப்போதே வாங்கியாக வேண்டும். ஒருவனுடைய பற்றாக்குறையும் மற்றொருவனுடைய தேவையும் சந்திக்குமிடம் இது. தார்பார்க்கர்ப் பசுவும், காங்க்ரேஜ் எருதும், மாலானிக் குதிரையும் இங்கே புகழ் பெற்றவை. விழா நடக்கும் மாதத்தை மக்கள் வெறும் பக்தியால் மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. பிழைக்கும் வழியறிந்தும் தேர்ந்தெடுத்தனர் என்று நான் கருதுகிறேன்.

மல்லிநாதர் யார்? 14-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட ராட்டோர் குலத் தலைவர் அவர். மாலானி என்னும் நிலப்பெயர் அவர் பெயரால் வந்தது. பிற்காலத்தில் 1459-இல் ஜோத்பூரை நிறுவிய ராவ் ஜோதா, மல்லிநாதருடைய தம்பியின் வழியில் வந்தவர். பெருநகர் அமைத்ததும் பேரரசு செய்ததும் தம்பியின் வழியே. எனினும் மக்கள் ஆண்டுதோறும் மணலில் கூடி நினைப்பது அண்ணனைத்தான். அவர் வாளேந்திய தலைவராக மட்டும் நினைக்கப்படவில்லை; துறவுள்ளம் கொண்ட அடியாராக நினைக்கப்படுகிறார்.

அம்மாற்றத்துக்குக் காரணம் அவருடைய மனைவி ரூபாதே என்பது மரபு. ஒடுக்கப்பட்ட மேகவால் குலத்தில் தாரு என்னும் அடியார் ஒருவர் இருந்தார். அவர் இல்லத்தில் இரவு முழுதும் நிகழும் பாடல் வழிபாட்டுக்கு அரசி ரூபாதே மறைவாகச் சென்றாள். அறிந்த மல்லிநாதர் சினந்து, வாளுடன் வழிமறித்து, அவள் கையிலிருந்த தட்டை மூடிய துணியை விலக்கினார். படையலுணவு இருந்த தட்டில் மலர்கள் இருந்தன. வாள் தாழ்ந்தது, அரசர் அவ்வடியார் கூட்டத்தையே நாடிச் சென்றார். இவ்வாறு அக்கதை செல்கிறது.

தட்டில் மலர் தோன்றியது வரலாறா என்று நீங்கள் கேட்கலாம். அது மெய்ப்பிக்கத்தக்க செய்தியன்று. ஆனால் அக்கதையைப் பல தலைமுறையாக மக்கள் பாடி வந்தார்கள் என்பது வரலாறு. யாருடைய வீட்டில் உண்பது, யாரோடு அமர்வது என்பவற்றில் கடுமையான வேலிகள் நிறைந்திருந்த ஒரு சமூகத்தில், அவ்வேலியைத் தாண்டிய பெண் ஒருத்தியின் கதை இறவாமல் நின்றது. அதைப் பாடிக் காத்தவர்களில் மேகவால் குலத்தவரும் உண்டு. விழாவால் வேலி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வேலி தவறானது என்னும் நினைவு அங்கே ஒழியாமல் இருந்தது என்பதே என் கருத்து.

இனி, பாடுவோரைப் பற்றிச் சில சொற்கள். பார்மேர், ஜெய்சல்மேர்ப் பகுதிகளில் மாங்கணியார், லங்கா என்னும் இரு இசை மரபினர் வாழ்கின்றனர். இரு சாராரும் இஸ்லாமியர். மாங்கணியார்களின் புரவலர் பெரும்பாலும் ராஜபுத்திர இந்துக்கள். லங்காக்களின் புரவலர் சிந்தி முஸ்லிம்கள். ஆட்டுத்தோல் போர்த்த வட்டக் குடமும், வில்லால் இழைக்கும் நரம்பும் உடைய கமாயிசா மாங்கணியார்க்கு உரியது. சிந்தி சாரங்கி லங்காக்களுக்கு உரியது. புரவலர் இல்லத்தில் குழந்தை பிறந்தாலும், திருமணம் நிகழ்ந்தாலும் இவர்களே பாடுவர். அக்குடும்பத்தின் தலைமுறை வரிசையை நினைவிலிருந்து சொல்பவரும் இவர்களே. இது பிச்சையன்று, தலைமுறை உரிமை. தானியமாகவும் ஆடாகவும் ஒட்டகமாகவும் புரவலர் கொடுக்கக் கடமைப்பட்டவர். கடமை தவறிய புரவலரைக் கலைஞர் துறந்துவிடும் வழக்கமும் இருந்தது. ஓர் இந்துக் குடும்பத்தின் முன்னோர் பெயர்களை ஓர் இஸ்லாமியக் கலைஞர் காத்து வைத்திருப்பதே அப்பாலையின் வாழ்க்கை முறை.

இவ்வுறவுகள் எத்தகைய சோதனைகளைத் தாங்க வேண்டியிருந்தன என்பதையும் அறிய வேண்டும். விக்கிரம ஆண்டு 1956, அதாவது 1899–1900-இல் வந்த பஞ்சத்தை அந்நாட்டார் 'சப்பனியா' என்று, ஐம்பத்தாறாம் ஆண்டின் பெயராலேயே அழைப்பர். மழை அறவே பொய்த்தது. கால்நடைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். காலராவும் காய்ச்சலும் தொடர்ந்தன. 1891-க்கும் 1901-க்கும் இடையே இராஜபுதனத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் குடிக்கணக்கு காட்டுகிறது. இத்தகைய அழிவுக்குப் பின் ஒரு குடும்பம் மீள வேண்டுமாயின் என்ன வேண்டும்? மறுபடி ஒரு பசு வாங்க ஓரிடம் வேண்டும். கடனுக்கு நம்பிக் கொடுக்கும் அறிமுகம் வேண்டும். சிதறிய உறவினரை மீண்டும் காண ஒரு நாளும் ஒரு களமும் வேண்டும். நாளும் களமும் முன்னரே குறிக்கப்பட்டிருந்தன: சைத்திர ஏகாதசி, லூனி மணல்.

20-ஆம் நூற்றாண்டு வேறு சோதனைகளைக் கொண்டுவந்தது. 1947-இல் நாடு பிரிந்தபோது எல்லைக்கோடு இப்பாலையின் நடுவே சென்றது. ஒரே மரபின் பாடகர்கள் இரு நாட்டினர் ஆயினர். 1965-ஆம் ஆண்டுப் போரில் நின்ற எல்லைத் தொடர்வண்டி 2006-இல் மீண்டும் ஓடியது. 2019-இல் மறுபடி நிறுத்தப்பட்டது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜாகீர்கள் ஒழிந்தன. அது உழவர்க்கு நீதி. ஆனால் பல கலைஞர்க்குப் புரவலர் வளம் குன்றியது. அந்நிலையில் கோமல் கோட்டாரி என்னும் அறிஞர், எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவுடன் சேர்ந்து 1960-இல் போருந்தா என்னும் சிற்றூரில் 'ரூபாயன் சன்ஸ்தான்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பாடல்களும் கதைகளும் பதிவாயின; கலைஞர்கள் உலக மேடைகளை அடைந்தனர். கமாயிசாக் கலைஞர் சாகர் கானுக்கு 2012-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சந்தையின் நிலையோ வேறு. உழவு இயந்திரம் எருதின் வேலையையும், சரக்கு வண்டி ஒட்டகத்தின் வேலையையும் எடுத்துக்கொண்டன. 2012-இல் மூன்றேகால் இலட்சமாக இருந்த இராஜஸ்தானத்து ஒட்டகங்கள் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,13,000 ஆகக் குறைந்தன. மாடு விற்க வேண்டாதவன் மணலுக்கு ஏன் வர வேண்டும்? அவன் வராவிடில் இரவில் யாருக்காகப் பாடுவது? காண வருவோர்க்காக மட்டும் நடத்தப்படும் விழாவும், தமக்கு வேண்டுமென்று மக்கள் நடத்தும் விழாவும் ஒன்றாகுமா? இவ்வினாவுக்கு விடையை அந்நாட்டு இளைஞர்களே காண வேண்டும்.

என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுவே: "தம்பி, மழை பெய்யாத ஊரில் ஒருவன் தனியாக வாழ முடியாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாரும் ஓரிடத்தில் கூடியாக வேண்டும். அந்தக் கூட்டத்தையே நீ படத்தில் பார்க்கிறாய்." அவன் இப்போது எங்கிருக்கிறானோ அறியேன். நீங்களாவது உங்கள் ஊர்த் திருவிழாவுக்குச் செல்லும்போது சிலவற்றை உசாவுங்கள். இவ்விழா இந்த மாதத்தில் ஏன் வந்தது? யார் எதை விற்க வந்தார்கள்? யார் பாடினார்கள், அவர்களுக்கு யார் நெல் அளந்தார்கள்? யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள்? விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் ஊரின் வரலாற்றுக்கு அது முதல் பக்கமாகும்.