மேலே இருந்து வருவதை யார் அளந்தது? எஃப்டிபி கிளையன்ட்டுகளின் பழைய ஓட்டை

ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா என்பதை ஒகேனக்கல் முடிவு செய்வதில்லை. மேலே கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையம் அங்கே காவிரியின் நீர்வரத்தை அளக்கிறது. கனஅடி ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். பென்னாகரம் பக்கம் வளர்ந்த எங்களுக்கு இது சின்ன வயசிலேயே தெரியும். தெரிந்தும், 2003-ல் நான் எழுதிய புரோகிராமில் அளக்காமல் விட்டேன்.

போன மாதம் வீட்டை ஒழிக்கும்போது ஒரு பழைய சிடி கிடைத்தது. பி.இ. முடித்து முதல் வேலையில் சி மொழியில் எழுதிய குட்டி எஃப்டிபி கிளையன்ட் அதில் இருந்தது. திறந்து பார்த்தேன். சர்வர் அனுப்பும் பதிலை நீளம் பார்க்காமல் 24 பைட் பஃபரில் அப்படியே காப்பி செய்கிறது.

ஏன் 24? எஃப்டிபியில் பாஸிவ் முறை கேட்டால், எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு வரவேண்டும் என்று சர்வர் ஆறு எண்களில் சொல்லும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 255. ஆறு எண்களுக்கு 18 எழுத்து, நடுவில் ஐந்து கமா, மொத்தம் 23. கடைசியில் முடிவுக்குறி ஒன்று. கணக்கு சரிதான். ஆனால் அது ஒழுங்கான சர்வருக்கான கணக்கு. சர்வர் வேண்டுமென்றே 2000 எழுத்து அனுப்பினால் பஃபர் நிரம்பி வழியும். அதே ஸ்டாக்கில் கொஞ்சம் தள்ளி, ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்பணும் என்ற முகவரி இருக்கிறது. அதன் மேல் அனுப்பியவன் தன் முகவரியை எழுதிவிட்டால், கம்ப்யூட்டர் அவன் சொன்ன இடத்துக்குப் போய் அவன் கோடை ஓட்டும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். எஃப்டிபியின் முதல் வரைவு 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட ஆர்.எஃப்.சி. 114. எழுதியவர் அபய் பூஷண். அலகாபாத்காரர், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர், அப்போது எம்ஐடியில் இருந்தார். அன்றைய ஆர்பாநெட்டில் இருந்தவை ஒன்றையொன்று அறிந்த சில பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும்தான். எதிர்முனையைச் சந்தேகப்படத் தேவையே இல்லை.

1988 நவம்பர் 2 அன்று மாரிஸ் வார்ம் அந்தக் காலத்தை முடித்து வைத்தது. ஃபிங்கர் சர்வரின் 512 பைட் பஃபருக்கு அது 536 பைட் அனுப்பியது. அதிலிருந்து எல்லோரும் கற்ற பாடம்: சர்வரைக் காப்பாத்து, வெளியே இருந்து வருபவனை நம்பாதே. பாடத்தின் மறுபாதியைப் பலர் படிக்கவில்லை. கிளையன்ட்டும் வெளியே இருந்து டேட்டா வாங்குகிறது. நாமே தேடிப்போய் இணைத்த சர்வர் என்பதால் அது நல்லதாகிவிடாது. அதை நேற்று ராத்திரி வேறு ஒருவன் கைப்பற்றியிருக்கலாம்.

2003-ல் லீப்எஃப்டிபி என்ற பிரபலமான கிளையன்ட்டின் 2.7.3 பதிப்பில் ஓட்டை வெளியானது. பாஸிவ் பதிலில் நீளமான முகவரி வந்தால் பஃபர் வழிந்தது. என்னுடைய பிழை அச்சு அசல் இதுதான்.

பாதையை என்கிரிப்ட் செய்தால் போதுமா? 2005 பிப்ரவரியில் புட்டி குழு 0.57 பதிப்பை வெளியிட்டது. அதன் பிஎஸ்எஃப்டிபி, சர்வர் சொன்ன எண்ணிக்கையை நம்பி நினைவக அளவைக் கணக்கிட்டதில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். கவனியுங்கள், சர்வரின் சாவியைச் சரிபார்த்து முடித்த பிறகு வரும் செய்தியில்தான் அந்த ஆபத்து. பூட்டு சரியாக இருந்தது, அளவுகோல்தான் தப்பு.

நீளம் கேட்காமல் உள்ளீட்டை வாங்கும் கெட்ஸ் ஃபங்ஷனை சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்கவே 2011 ஆனது. மாரிஸ் வார்ம் வந்து 23 வருஷம்!

என் புரோகிராம் ஒரு வாடிக்கையாளரிடம் தினமும் ராத்திரி ஃபைல் இறக்கிக்கொண்டிருந்தது. பழைய சக ஊழியருக்கு போன் போட்டுக் கேட்டேன். "அந்த மெஷினையே எப்பவோ தூக்கியாச்சுப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருஷமும் ஒன்றும் நடக்காமல் இருந்ததற்கு என் கோடு காரணமில்லை.

உங்கள் ஆபீஸ் மூலையிலும் யாரோ எழுதிவிட்டுப் போன ஒரு எஃப்டிபி புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒருமுறை திறந்து, சர்வர் பதிலை எங்கே காப்பி செய்கிறது, நீளம் பார்க்கிறதா என்று மட்டும் பாருங்கள்.