எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முன் சோடாவை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் மருத்துவமனையில் ஒரு உணவுப் பட்டியல் தருவார்கள். சாப்பிடக் கூடாதவற்றின் வரிசையில் பெரும்பாலும் இதுவும் இருக்கும்: சோடா, கோலா போன்ற கேஸ் பானங்கள்.

சிகரெட்டை நிறுத்தச் சொன்னால் புரிகிறது. சோடா என்ன செய்தது? சர்க்கரைதான் பிரச்னை என்றால் 'ஜீரோ ஷுகர்' குடிக்கலாமே? ஆபரேஷனே எடையைக் குறைக்கப் போகிறது, அதற்கு முன்னாடியே எதற்கு இந்தப் பத்தியம்?

டெல்லியில் இருப்பவர்களுக்கு இது யாருக்கோ நடக்கும் விஷயமல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, டெல்லியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 41.3 சதவீதம் பேரும், ஆண்களில் 38 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தேசிய சராசரி 24.0 மற்றும் 22.9. 'நம்ம ஊர் பரவாயில்லை' என்று தமிழர்களும் சொல்லிக்கொள்ள முடியாது: தமிழ்நாட்டில் இது 40.4 மற்றும் 37.0.

முதலில் சர்க்கரைக் கணக்கு

பல கோலா பாட்டில்களின் லேபிளைப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை என்றிருக்கும். 300 மில்லி குடித்தால் 30 கிராமுக்கு மேல். தினமும் இரண்டு பாட்டில் என்றால் 60 கிராம். மாதத்துக்கு 1.8 கிலோ சர்க்கரை, 7,200 கலோரி.

ஒரு நாளில் 2,000 கலோரி சாப்பிடுபவர், சேர்க்கப்பட்ட சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். டீ, காபி, ஸ்வீட் எதையும் தொடாமலே இரண்டு பாட்டில் கோலா அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

ஆபரேஷனுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யப்படுகிறது. இரைப்பையின் மேல்பகுதியை கல்லீரலின் இடது பக்கம் மூடியிருக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் சர்ஜனுக்கு வேலை செய்ய வழி கிடைக்கும்.

பருமன் உள்ள பலருக்கும் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது வீங்கியிருக்கும். கனமான, வழுவழுப்பான கல்லீரலைத் தூக்குவது கஷ்டம், கிழிந்து ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் பல மருத்துவமனைகள் ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 800 முதல் 1,000 கலோரி மட்டும் உள்ள உணவு முறையைத் தருகின்றன. கல்லீரல் தான் சேமித்து வைத்த மாவுச்சத்தையும் அதோடு சேர்ந்த நீரையும் இழக்கும், கொழுப்பும் குறையும், அளவு சுருங்கும்.

இந்தச் சமயத்தில் கோலா குடித்தால் என்ன ஆகும்? அதிலுள்ள சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதன் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல்தான், உபரியாக வருவதை அது கொழுப்பாகவும் மாற்றும். ஒரு பக்கம் காலி செய்துகொண்டே மறுபக்கம் நிரப்புவது போலத்தான்.

சரி, ஜீரோ ஷுகர்?

கலோரி இல்லை, உண்மைதான். ஆனால் கேஸ் அப்படியே இருக்கிறது. ஒரு கோலா பாட்டிலில், பானத்தின் அளவைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அதாவது 300 மில்லியில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு. அதில் ஒரு பகுதி வெளியிலேயே போய்விடும், மீதி ஏப்பமாக வரும்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். 'பைபாஸ்' முறையில் உருவாக்கப்படும் பை 30 மில்லி அளவுதான். இதற்குள் கேஸ் போனால் வலி, உப்புசம், நெஞ்செரிச்சல் வரும்.

'சோடா குடித்தால் இரைப்பை மறுபடி விரிந்துவிடும்' என்றும் சொல்வார்கள். இதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் தடைக்கு மற்ற காரணங்களே போதும். பைபாஸ் செய்தவர்கள் சர்க்கரைப் பானம் குடித்தால், அது வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்கி, சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுக்கும், வியர்க்கும், படபடக்கும், பேதியாகும். மருத்துவர்கள் இதை 'டம்பிங்' என்கிறார்கள்.

இன்னொன்று: எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

'சாப்பாடு செரிக்க ஒரு சோடா' வேலை செய்யுமா?

பிரியாணிக்குப் பிறகு கோலி சோடா நம்ம ஊர்ப் பழக்கம். டெல்லியில் அதற்குப் பெயர் 'பன்டா': அதே கோலி பாட்டில், கூடவே எலுமிச்சையும் கறுப்பு உப்பும். குடித்ததும் ஏப்பம் வரும், நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த ஏப்பத்தில் வருவது பெரும்பாலும் சோடா கொண்டுவந்த கேஸ்தான்.

வரி போட்டும் குறையவில்லையா?

டெல்லியின் அரசியல் வரலாற்றில் இதற்கு ஒரு இடம் உண்டு. 2014 ஜூலையில் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜெட்லி, சர்க்கரை சேர்த்த கேஸ் பானங்களுக்குக் கூடுதலாக 5 சதவீத கலால் வரி விதித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், நீண்டகால சர்க்கரை நோயால் கூடிய எடையைக் குறைக்க, டெல்லி சாகேத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கே எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. நாட்டில் பலர் இந்தச் சிகிச்சையின் பெயரைக் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது இந்தப் பானங்களுக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 40 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவே நேரடியாக 40 சதவீத வரி. சர்க்கரை உள்ளதற்கும் ஜீரோ ஷுகருக்கும் ஒரே விகிதம்தான். 10, 20 ரூபாய்க்குச் சின்ன பாட்டில் தெருக்கடையில் இன்னமும் கிடைக்கிறது. ஆகவே நிறுத்துவது உங்கள் கையில்தான்.

எப்படி நிறுத்துவது?

*எண்ணுங்கள்.* ஒரு வாரம் எத்தனை பாட்டில் என்று போனில் குறித்து வையுங்கள். எனர்ஜி டிரிங்க், லெமன் சோடா, ஜின்ஜர் ஏல் எல்லாம் சேர்த்தி.

*படிப்படியாகக் குறையுங்கள்.* கோலாவிலும் எனர்ஜி டிரிங்கிலும் கஃபீன் இருக்கிறது. நிறையக் குடித்தவர்கள் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி, எரிச்சல், தூக்கக் கலக்கம் தொடங்கலாம். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். நாலு வாரம் இருந்தால் வாரத்துக்கு வாரம் பாதியாக்குங்கள். கடைசி இரண்டு வாரம் பூஜ்யம்.

*மாற்று தேடுங்கள்.* தண்ணீர், சீரகத் தண்ணீர், சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு நல்லது. நீர் மோரை உங்கள் கலோரி அளவுக்குள் கணக்கு வையுங்கள். பாக்கெட் ஜூஸும் நன்னாரி சர்பத்தும் மாற்று ஆகாது, அவற்றிலும் சர்க்கரைதான். டெல்லி வெயிலில் தாகத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தாகம் முற்றும்போதுதான் கை கோலாவை நோக்கிப் போகும்.

*மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.* இது மிக முக்கியம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்து, சோடாவையும் நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சில மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

*மறைக்காதீர்கள்.* நடுவில் குடித்துவிட்டீர்களா? சொல்லிவிடுங்கள். உள்ளே போன பிறகு கல்லீரல் வழிவிடாவிட்டால், சர்ஜன் ஆபரேஷனை நிறுத்தித் தள்ளிவைக்கவும் நேரலாம். டாக்டர் திட்டுவார் என்ற கூச்சத்தைவிட அது பெரிய விலை.

யாருக்கு இந்த ஆபரேஷன், காப்பீடு கிடைக்குமா?

ஆசியர்களுக்கு பி.எம்.ஐ 27.5 முதலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் சர்வதேச அறுவை சிகிச்சை அமைப்புகள் கூறின. ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி கறாரானது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பி.எம்.ஐ 40 வேண்டும். இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 35 போதும். 165 செ.மீ உயரம் உள்ளவருக்கு 40 என்பது ஏறக்குறைய 109 கிலோ. டாக்டர் 'செய்யலாம்' என்று சொன்னதாலேயே காப்பீடு வரும் என்று நினைக்காதீர்கள், பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு குடிக்கலாமா?

முதல் சில மாதங்கள் கூடவே கூடாது என்பதில் பெரும்பாலும் மாற்றுக் கருத்தில்லை. வாழ்நாள் முழுக்கத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. ஆபரேஷன் இரைப்பையைச் சிறிதாக்கும், பழக்கத்தை மாற்றாது. திரவமாக உள்ளே போகும் சர்க்கரைக்குச் சின்ன இரைப்பை ஒரு தடையே அல்ல, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். குறைந்த எடை மீண்டும் ஏறும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆகவே முன்கூட்டி நிறுத்தும் அந்தச் சில வாரங்களை, பிறகு வரப்போகும் வருஷங்களுக்கான ஒத்திகையாக எடுத்துக்கொள்ளுங்கள்.