தாளத்தை யார் காப்பது? – மேடையேறிய மின்னிசைக் கருவிகளின் கதை



பரிசளிப்பு விழா, பொங்கல் விழா, ஆசிரியர் தினம் என ஏதேனும் ஒரு நிகழ்ச்சி நெருங்கும்போது நம் பள்ளிகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "நல்ல கீபோர்டு ஒன்று வாங்கிவிடலாமா? தாளம் போடும் பொறியும் சேர்த்து வாங்கலாமா?" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்பார். ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்குப் பாலம் கடந்தால் சிங்கப்பூர்க் கடைகளும் உண்டு. விலையைப் பார்க்கிறோம். எத்தனை ஓசைகள் இருக்கின்றன என்று எண்ணுகிறோம். வாங்கிய கருவிகள் மேடையில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிக்குமா என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. நம் பிள்ளைகளின் மேடைக்கு அது எவ்வளவு தேவை என்பதை இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மூன்று கருவிகளும் பத்து இராகங்களும்

மும்பைத் திரையிசை உலகில் பல்லாண்டு கிதாரும் விசைப்பலகையும் வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982ஆம் ஆண்டில் அவர் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். பத்து இந்துஸ்தானி இராகங்களை எடுத்துக்கொண்டார். தபலாவை ஒதுக்கி வைத்துவிட்டு 'டிஸ்கோ' தாளத்தில் அவற்றை வாசித்தார். நாம் மோகனம் என்று அழைக்கும் இராகத்துக்கு இணையான பூபாலி, இந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ், கல்யாணிக்கு இணையான யமன் ஆகியவை அந்தப் பத்தில் அடங்கும்.

அவர் கையாண்டவை சப்பானின் ரோலண்டு நிறுவனம் அப்போது புதிதாக வெளியிட்டிருந்த மூன்று கருவிகள். தாளத்துக்கு டிஆர்-808, அடிநாதத்துக்கு டிபி-303, இராகம் வாசிக்க சூப்பிட்டர்-8. இவை வெளிவந்த காலம் 1980, 1981 ஆகிய ஆண்டுகள். டிபி-303 ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லக்கூடியது. நம் இசையில் கமகம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வழுக்கலின் பயன் எளிதில் விளங்கும்.

இந்தத் தேர்வில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இம்மூன்றையும் ஒரே தாளத்தில் கட்டிப்போட வழி இருந்தது. டிஆர்-808இலிருந்து புறப்படும் ஒரு கம்பிவடம் டிபி-303க்குத் தாளத்தை எடுத்துச் செல்லும். அந்தக் கம்பியில் இசை ஓடுவதில்லை. வெறும் துடிப்புகளே ஓடும். ஓர் எண்ணிக்கைக்கு 24 துடிப்புகள். கம்பியின் மறுமுனையில் உள்ள கருவி அவற்றை எண்ணிக்கொண்டே நடைபோடும். சூப்பிட்டர்-8இன் சுர அடுக்குகளையும் வெளியிலிருந்து வரும் துடிப்பால் இயக்க முடியும். ஆக, ஒருவர் மூன்று கருவிகளை ஒரே நேரத்தில் ஆளலாம்.

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. எட்டை இருபத்து நான்கால் பெருக்கினால் 192. பிள்ளை தொடையில் ஒருமுறை தாளம் போட்டு முடிப்பதற்குள் அந்தக் கம்பியில் 192 துடிப்புகள் ஓடி முடிந்திருக்கும். நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பெருக்கல் கற்பிக்க இதைவிட இனிய கணக்கு கிடைக்குமா?

அந்த இசைத்தட்டு அன்று விற்கவில்லை, மறக்கப்பட்டது. டிஆர்-808இன் உற்பத்தி 1983இலும் டிபி-303இன் உற்பத்தி 1984இலும் நின்றுபோயின. பழைய பொருள் கடைகளில் மலிந்து கிடந்த டிபி-303ஐ அமெரிக்காவின் சிகாகோ இளைஞர்கள் வாங்கினார்கள். 1987இல் 'ஃபியூச்சர்' என்னும் குழு வெளியிட்ட பதிவிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய நடன இசை பரவியது. சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு 2010இல் மறுபதிப்புக் கண்டபோது, கேட்டவர்கள் வியந்துபோனார்கள். சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, அதே கருவிகளில், அதே சாயலில் ஓர் இந்தியர் வாசித்திருக்கிறார்! அதன்பின் முதிய வயதில் அவர் வெளிநாட்டு மேடைகளில் அந்த இராகங்களை நேரடியாக வாசித்தார். 2015இல் அவர் மறைந்தார்.

ஒரு பொதுமொழி பிறந்தது

அக்காலத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. ரோலண்டு கருவிகள் எண்ணிக்கைக்கு 24 துடிப்புகள் அனுப்பின. கோர்க் நிறுவனத்தின் கருவிகளோ 48 துடிப்புகளை எதிர்பார்த்தன. ஒரு நிறுவனத்தின் கருவியை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு இணைத்தால் ஒன்று நடக்கும், மற்றொன்று இருமடங்கு வேகத்தில் ஓடும், அல்லது பாதி வேகத்தில் தவழும்.

ரோலண்டு நிறுவனத்தை 1972இல் தோற்றுவித்த இக்குத்தாரோ காக்கெஹாஷியும் அமெரிக்கரான டேவ் சிமித்தும் இதற்குத் தீர்வு தேட முனைந்தார்கள். போட்டி நிறுவனங்கள் ஒரு பொதுமொழிக்கு உடன்பட்டன. அதன் பெயர் 'மிடி'. 1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இருவேறு நிறுவனங்களின் இரண்டு விசைப்பலகைகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் விரல் வைத்தால் மற்றொன்றும் ஒலித்தது! தாளத் துடிப்பு, எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே கம்பியில் சென்றன. இவ்வரும்பணிக்காக இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. போட்டியாளர்கள் கைகோத்தது உலக இசைக்கே நன்மையாக முடிந்தது.

தமிழிசை உலகமும் பின்தங்கிவிடவில்லை. 1986 தீபாவளிக்கு வெளிவந்த கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியின் துணையோடு இசையை வரிசைப்படுத்திப் பயன்படுத்தினார். இந்தியத் திரையிசையில் அது முன்னோடி முயற்சியாக இன்றும் பேசப்படுகிறது. அக்குழுவில் விசைப்பலகை வாசித்த திலீப் என்னும் இளைஞரே பின்னாளில் ஏ. ஆர். ரகுமான். 1992இல் 'ரோஜா' வழியாக அவர் என்ன செய்தார் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நம் நாட்டிலும் யோகி பி – நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பு, தமிழ்ச் சொல்லிசையைக் கடல் கடந்து கொண்டுசென்றது.

ஆயினும் மிடியிலும் நமக்கு ஒரு குறை இருந்தது. அது விசைப்பலகையை மனத்தில் கொண்டு பிறந்த மொழி. ஒரு சுரத்தை வளைத்தால் அதே தடத்தில் ஒலிக்கும் மற்றச் சுரங்களும் சேர்ந்து வளைந்தன. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் முறை 2018இல்தான் மிடியின் அதிகாரமுறை விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. விசைகளே இல்லாமல் வழவழப்பான பரப்பில் விரலை இழுத்து வாசிக்கும் 'கண்டினியம்' என்ற கருவியை ரகுமான் மேடைகளில் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கமகத்தைத் தேடும் விரல்களுக்கு அத்தகைய கருவி எவ்வளவு உவப்பானது!

நம் பள்ளி மேடைக்கு

இவ்வரலாற்றிலிருந்து, கருவி வாங்குமுன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தாளத்துக்குத் தலைமை எது? இரண்டு கருவிகளும் தத்தம் வேகத்தில் ஓடினால், தொடக்கத்தில் ஒன்றாகத் தோன்றினாலும் சற்று நேரத்தில் விலகிவிடும். ஒன்று தலைமை தாங்க வேண்டும். மற்றவை அதன் துடிப்பைப் பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது, துளைகள் பொருந்துமா? ஐந்து முனைகள் கொண்ட வட்டமான மிடித் துளை பல மலிவான கீபோர்டுகளில் இப்போது இருப்பதில்லை. யுஎஸ்பி மட்டுமே இருக்கும். அத்தகைய இரண்டு கீபோர்டுகளை நேரடியாக இணைக்க இயலாது. இடையில் கணினியோ அதற்கென உள்ள இணைப்புப் பெட்டியோ வேண்டும். பழைய ரோலண்டு தாளத் துளையும் பார்வைக்கு மிடியைப் போலவே இருக்கும். ஆனால் அது பேசும் மொழி வேறு.

மூன்றாவது, மேடையில் நிற்கும் பிள்ளைக்கு ஒலி எப்போது கேட்கும்? காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஒலிபெருக்கியிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளைக்கு நொடியில் ஏறத்தாழ முப்பத்து நான்கில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும். புளூடூத் ஒலிபெருக்கி என்றால் தாமதம் இன்னும் பன்மடங்கு கூடும். பிள்ளை தாளம் தவறுகிறான் என்று கடிந்துகொள்ளுமுன், அவன் பக்கத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கம்பி வழியே இணைத்து வையுங்கள்.

நான்காவது கேள்வியே எனக்கு முதன்மையானது. மனிதர் தலைமை தாங்க வேண்டிய இடம் எது? நம் கோயில் திருவிழாக்களில் உருமி மேளம் முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். ஆடுபவரின் காலைப் பார்த்து, கூட்டத்தின் உணர்ச்சியைப் பார்த்து, மேளத்தின் வேகம் ஏறும், இறங்கும். அசையாத வேகத்தில் ஓடும் பொறியை அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டில் ஒன்று தோற்றே ஆக வேண்டும். அங்கே பொறி ஓய்வெடுக்கட்டும். அல்லது, விரலால் தட்டித் தட்டி வேகத்தை மாற்றும் வசதியுள்ள பொறியை ஒரு மாணவரிடம் கொடுத்து, மேளத்தைப் பின்பற்றச் சொல்லலாம்.

இன்று பல பள்ளி விழாக்களில் 'மைனஸ் ஒன்' பாடலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுப் பிள்ளைகளை ஆடவும் பாடவும் விடுகிறோம். நேரமில்லை, பயிற்றுநர் இல்லை, பணமும் இல்லை. நம் ஆசிரியர்களின் சுமையை நானும் சுமப்பவன். ஆகவே யாரையும் குறை சொல்லேன். ஆயினும் அந்த மேடையில் எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளைக்குச் செவிகொடுப்பதில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். எல்லாரும் ஓர் ஒலிப்பதிவையே துரத்துகிறார்கள். சேர்ந்து இசைப்பதால் வரும் பயன் அவர்களுக்குக் கிட்டாமலே போகிறது.

பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கீபோர்டு, ஒரு சிறிய தாளப்பொறி, இரண்டையும் இணைக்கும் ஒரு கம்பி, கைத்தாளம் போடும் நான்கு பிள்ளைகள். இதுவே நல்ல தொடக்கம். பொறியை இயக்குமுன் ஒரு வாரம் கையால் மட்டும் ஆதி தாளம் போடப் பழக்குங்கள். தாளம் மனத்தில் இருக்கும் பிள்ளை, மின்சாரம் தடைபட்டாலும் பாட்டை முடித்துவிட்டே மேடையை விட்டு இறங்கும்.

அடுத்த முறை கருவி வாங்கும் பேச்சு எழும்போது, விலைப்பட்டியலோடு இந்த நான்கு கேள்விகளையும் கூட்டத்தில் வையுங்கள். உங்கள் பள்ளியில் இதுபோன்ற முயற்சி நடந்திருந்தால் எனக்கும் எழுதுங்கள். மற்றப் பள்ளிகளுக்கும் பயன்படும்.