விலக்கி வைத்த புத்தகம் காப்பாற்றிய குடும்பம்

1748ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எக்ஸெட்டர் என்ற ஊர். அங்குள்ள குவேக்கர் சபையின் மாதாந்தக் கூட்டக் குறிப்பேட்டில் ஸ்குவயர் பூன் என்ற நெசவாளரின் பெயர் ஏறுகிறது. அவர் களவெடுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அவருடைய மகன் இஸ்ரேல், குவேக்கர் அல்லாத ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்துவிட்டான். தகப்பன் அதற்கு இடங்கொடுத்தது பிழை என்றது சபை. ஆறு வருடங்களுக்கு முன்பு மூத்த மகள் சாராவும் இப்படித்தான் வெளியே மணந்தாள். அப்போது ஸ்குவயர் வருத்தம் தெரிவித்துத் தப்பினார். இந்த முறை மறுத்துவிட்டார். சபை அவரை விலக்கி வைத்தது.

அந்த வீட்டில் அப்போது 13 வயதில் ஒரு பையன் இருந்தான். பெயர் டேனியல் பூன். 1775இல் கம்பர்லாந்துக் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டியவர் என்று அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே டேனியல் பூன்.

இந்தக் குடும்பத்தின் வேரைத் தேடினால் இங்கிலாந்து வரைக்கும் தடம் தெளிவாகப் போகிறது. அவர்கள் ராஜவம்சம் என்பதால் அல்ல. நெசவாளர்கள், கொல்லர்கள். தடம் அழியாமல் இருப்பதற்குக் காரணம், அவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் ஒரு சமூகத்தில் இருந்ததுதான்.

ஏன் எழுதினார்கள்? 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரின் போதனையால் இங்கிலாந்தில் உருவானவர்கள் குவேக்கர்கள். தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். பாதிரியார் இல்லை, ஞானஸ்நானம் இல்லை, சத்தியம் செய்வதில்லை, ஆயுதம் தூக்குவதில்லை. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். அரச திருச்சபையின் பதிவேட்டில் அவர்களுடைய பிறப்பும் கலியாணமும் ஏறவில்லை. அப்படியானால் அந்தக் கலியாணம் செல்லுமா, பிள்ளைக்குச் சொத்துரிமை உண்டா என்ற கேள்வி வந்தது. 1661இல் நொட்டிங்ஹாம் நீதிமன்றத்தில் குவேக்கர் கலியாணம் செல்லும் என்று தீர்ப்புக் கிடைத்தது. ஆனாலும் சாட்சி பலமாக இருக்க வேண்டும். ஆகவே கலியாணத்துக்கு முன்பு மணமக்கள் சபைக் கூட்டத்தில் எழுந்து அறிவிக்க வேண்டும். வேறு தடை ஏதும் உண்டா என்று ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். கலியாணத்தன்று வந்திருப்பவர்கள் கலியாணப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பார்கள். இன்றைக்கு வேர் தேடுபவருக்கு அந்த ஒரு தாள் போதும், முழு உறவுக்கூட்டமும் அதில் இருக்கும்.

ஊர் மாறினாலும் கடிதம் வேண்டும். 1681இல் வில்லியம் பென்னுக்குப் பென்சில்வேனியா கிடைத்த பிறகு குவேக்கர்கள் அலையலையாகக் கடல் கடந்தார்கள். டேனியலின் பாட்டனார் ஜோர்ஜ் பூன் டெவன் மாவட்டத்தின் பிராட்னிஞ்ச் என்ற ஊர் நெசவாளர். முதலில் மூத்த பிள்ளைகள் மூவரை அனுப்பி நிலைமையைப் பார்த்துவிட்டு, 1717இல் மனைவியோடும் மற்றப் பிள்ளைகளோடும் வந்து சேர்ந்தார். வந்ததும் தன் பழைய சபை தந்த நல்லொழுக்கச் சான்றைப் புதிய சபையில் ஒப்படைத்தார். கடலின் இரு கரையையும் இணைக்கும் ஆவணம் அது. பெரும்பாலான குடியேறிகளின் சந்ததிக்கு இப்படி ஒரு கடிதம் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாதங்களின் பெயர்களில் சில ரோமர்களின் தெய்வங்களிலிருந்து வந்தவை என்பதால் குவேக்கர்கள் அவற்றைச் சொல்ல மாட்டார்கள். முதலாம் மாதம், ஏழாம் மாதம் என்று எண்ணால் எழுதுவார்கள். 1752 வரைக்கும் ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச்சில்தான். ஆகவே 'ஏழாம் மாதம்' என்பது ஜூலை அல்ல, செப்டெம்பர். 1720 இரண்டாம் மாதம் கலியாணம், 1720 பதினோராம் மாதம் பிள்ளை என்று இருந்தால், அது ஏப்ரல் 1720, ஜனவரி 1721. இது தெரியாமல் 'ஜனவரி 1720' என்று எழுதினால், கலியாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகி ஒரு நல்ல மனுஷியின் பெயர் கெட்டுப்போகும்.

'ஸ்குவயர்' என்பதும் அப்படித்தான். பட்டம் மாதிரித் தெரியும், ஆனால் அது அவருக்கு வைத்த பெயர். அதைப் பட்டம் என்று நினைத்து ஜமீன்தார் வம்சம் தேடப் போனவர் ஏமாறுவார். பூன்களை நோர்மன் பிரபுக்களான போஹன் வம்சத்தோடு ஒட்டவைக்கும் மரங்களும் உலாவுகின்றன. பெயரின் ஓசை ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை.

குடும்ப நினைவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே உதாரணம் உண்டு. பூன்களின் அயலவர்கள் லிங்கன் குடும்பம். டேனியலின் ஒன்றுவிட்ட சகோதரி ஆன் பூன் 1760இல் ஆபிரகாம் லிங்கன் என்பவரை மணந்தார். ஜனாதிபதி அல்ல, ஜனாதிபதியின் பூட்டனாருடைய சகோதரர். அந்த லிங்கன் குவேக்கர் அல்லாததால் ஆன் பூனும் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜனாதிபதி லிங்கன் 1859இல் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில், தன் முன்னோர் குவேக்கர்கள் என்றும், நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தொடர்பு தேடியதில் பெயர் ஒற்றுமைக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை என்றும் சொல்கிறார். பிற்கால ஆய்வு அதே தொடர்பை நிரூபித்தது. 1637இல் மசச்சூசெட்ஸுக்கு வந்த சாமுவேல் லிங்கனின் வழித்தோன்றல்தான் அவர். குவேக்கர் என்ற நினைவு, பென்சில்வேனியாவில் ஏற்பட்ட கலியாண உறவுகளோடு ஒட்டியது.

இப்படியான குவேக்கர் குறிப்பேடுகள் பலவற்றைச் சுருக்கித் தொகுத்து 1936 முதல் வெளியிட்டவர் வில்லியம் வேட் ஹின்ஷா. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபேராவில் பாடிய பாடகர். அவருடைய தொகுதிகளைப் புரட்டினால் மனம் சங்கடப்படும். 'வெளியே மணந்தார்', 'விலக்கப்பட்டார்', 'வருத்தம் தெரிவித்தார்' என்பதற்கெல்லாம் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்கள். ஒழுங்காக வாழ்ந்தவருக்குப் பிறப்பு, கலியாணம், மரணம் என்று மூன்று வரி. பிழை செய்தவருக்குப் பத்து வரி.

விலக்கப்பட்ட ஸ்குவயர் 1750இல் குடும்பத்தோடு தெற்கே வட கரோலைனாவுக்குப் போனார். அத்தோடு டேனியலின் தடம் குவேக்கர் புத்தகத்திலிருந்து மறைகிறது. அவர் கென்டக்கியில் அடிமைகளை வைத்திருந்தார். அந்த மனிதர்களின் சந்ததிக்குக் கலியாணப் பத்திரமும் இல்லை, சான்றுக் கடிதமும் இல்லை. 1850, 1860 குடிசனக் கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில்கூடப் பெரும்பாலும் எசமானின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும்தான். பெயர் வர 1870 ஆக வேண்டியிருந்தது.

குவேக்கர்களும் இதில் சுத்தமானவர்கள் அல்லர். 1688இல் ஜேர்மன்டவுனில் அடிமை முறைக்கு எதிராக நால்வர் மனு எழுதிக் கொடுத்தார்கள். சபை அதை மேலே மேலே அனுப்பிக் கிடப்பில் போட்டது. அடிமை வைத்திருப்பவரை விலக்குவது என்று பிலடெல்பியா வருடாந்தச் சபை முடிவெடுத்தது 1776இல். 88 வருடங்கள். மகனின் கலியாணத்துக்காக ஸ்குவயர் பூன் மேல் பாய்ந்த அதே தண்டனை, அப்போதுதான் பாய வேண்டிய இடத்தில் பாய்ந்தது. அதன் பிறகு விடுதலைப் பத்திரங்களைச் சபைகள் பதிந்து வைத்தன. விடுதலையான சிலரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் தெரிவது அங்கேதான்.

பாட்டனார் ஜோர்ஜ் பூன் 1744இல் மரணித்தபோது, 8 பிள்ளைகள், 52 பேரப்பிள்ளைகள், 10 பூட்டப்பிள்ளைகள், மொத்தம் 70 பேர் என்று குடும்பத்தவர் ஒருவர் 1788இல் எழுதி வைத்தார். யஃகூப் நபியின் வீட்டார் எகிப்துக்குப் போனபோது பைபிள் சொல்லும் அதே எண்ணிக்கை என்று சந்தோஷமாகக் குறித்தும் இருக்கிறார். எண்ணப்பட்ட குடும்பம் அது. ஒரு குடும்ப மரத்தைப் பார்க்கும்போது, இதை எழுதியது யார், ஏன் எழுதினார் என்று கேளுங்கள். அதே காலத்தில் அதே மண்ணில் வாழ்ந்தும் எண்ணப்படாமல் போனவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.